யூடியூப் கருத்துகளில் சொற்களை எண்ணினால் ‘தமிழ்’ என்பது ‘தம’ என்று வருகிறது

லெம்பா பந்தாய்:
வணக்கம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு. தமிழ்ப்பள்ளிகள் பற்றிய யூடியூப் காணொளிகளின் கீழே மலேசியத் தமிழர்கள் எழுதும் கருத்துகளே தலைப்பு. மேற்பார்வை இந்திய ஆய்வியல் துறை. நிரல் எழுதித் தருபவர் கணினித் துறை மாணவர், தமிழ் படிக்க வராது. பைத்தான் நிரல்மொழியில் சைக்கிட் லெர்ன் என்ற நூலகம் கொண்டு எண்ணிய பட்டியலில் ‘தம’, ‘பள’ என்றுதான் இருக்கின்றன. ‘தமிழ்’, ‘பள்ளி’ இரண்டையும் காணோம். எக்செலில் திறந்தால் எழுத்து முழுக்கக் குப்பை. எல்லாவற்றையும் மீண்டும் இறக்க வேண்டுமா? கருத்து எழுதியவர்களின் பெயரை என்ன செய்வது?

பத்து உபான்:
இறக்க வேண்டாம், தரவு நன்றாகத்தான் இருக்கிறது. எக்செல் சிக்கல் எளிது. கருத்துகள் உள்ள சிஎஸ்வி அட்டவணைக் கோப்பைச் சேமிக்கும்போது குறியாக்கத்தை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுங்கள். கோப்பின் தலையில் 3 பைட் அடையாளம் சேரும். அதைப் பார்த்து எக்செல் யூனிகோட் என்று புரிந்துகொள்ளும். ஆனால் எக்செலிலிருந்து திரும்பச் சேமிக்காதீர்கள். கழித்தல் குறியில் தொடங்கும் காணொளி அடையாளங்களை அது சூத்திரமாக எடுத்துக்கொள்ளும்.

சொல் உடைவதுதான் பெரிய விஷயம். சைக்கிட் லெர்ன் சொல்லைப் பிரிக்கும் இயல்பான விதி, எழுத்து, எண், அடிக்கோடு மூன்றை மட்டும் சொல்லின் பகுதியாக ஏற்கிறது. யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘குறி’ வகையில் இருக்கின்றன. அதனால் ‘தமிழ்’ என்பதில் இகரக் குறி வந்ததும் சொல் முடிந்துவிடுகிறது. ‘தம’ ஒரு துண்டு, ‘ழ’ இன்னொரு துண்டு. ஓரெழுத்துத் துண்டுகளை அந்த விதி தூக்கிப் போட்டுவிடும், ‘ழ’ போயிற்று. ‘பள்ளி’ ‘பள’ ஆனதும் இப்படியே. பைத்தானில் ‘ரெஜெக்ஸ்’ நூலகத்தைத் தனியாக நிறுவி, எழுத்து வகையும் குறி வகையும் சேர்ந்து வரும் தொடரே ஒரு சொல் என்று விதி எழுதச் சொல்லுங்கள். ஆன்ட்காங்க் என்ற சொல் ஆய்வு மென்பொருளைப் பயன்படுத்தினாலும் சொல் வரையறையில் குறி வகையைச் சேர்க்க வேண்டும்.

எண்ணுவதற்கு முன் எல்லா வரிகளையும் என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்வடிவத்துக்கு மாற்றுங்கள். ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும், கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. என்எஃப்சி இதைச் சேர்த்துவிடும். ‘கௌரி’யை ‘கெளரி’ என்று ளகரம் போட்டுத் தட்டியிருந்தால் அது சேர்க்காது. அதற்குக் கையால் ஒரு பட்டியல் போடத்தான் வேண்டும். போடுபவர் நீங்கள், அந்தக் கணினி மாணவர் அல்ல. எந்தெந்த வடிவங்களை ஒரே சொல்லாக எண்ணுவது என்பது ஆய்வு முடிவு. அதை நிரலாளரிடம் விட்டுவிடக் கூடாது.

தஞ்சோங் பூங்கா:
பெயர் பற்றி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்கு உரியது. உங்கள் ஆய்வுக்கு அது பொருந்தாது என்பதால் கை கழுவிவிட முடியாது. பல்கலைக்கழக ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதலைத் தரவு எடுக்கும் முன்பே வாங்க வேண்டும். பெயர், சேனல் அடையாளம் இரண்டையும் நீக்கி வரிசை எண் போடுங்கள். கருத்தை அப்படியே மேற்கோள் காட்டினால் காணொளியின் கீழே தேடி ஆளைப் பிடித்துவிடலாம், அதனால் ஆய்வேட்டில் பொழிப்பாக எழுதுங்கள். யூடியூப் ஏபிஐ (நிரல் வழியாகத் தரவு கேட்கும் வசதி) விதிப்படி இறக்கிய தரவை 30 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் வைத்திருக்கக் கூடாது. இதையும் நெறிக் குழுவுக்கான விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

லெம்பா பந்தாய்:
மிக்க நன்றி. சில கருத்துகளுக்கு 5 பதில்களுக்கு மேல் வருவதே இல்லை, அது ஏன்?

தஞ்சோங் பூங்கா:
கருத்துத் தொடரைக் கேட்கும் ஏபிஐ அழைப்பு எல்லாப் பதில்களையும் தராது. தாய்க் கருத்தின் அடையாளத்தைக் கொடுத்துப் பதில்களைத் தனியாகக் கேட்க வேண்டும், ஒரு தடவைக்கு 100 வரை. இரண்டு அழைப்புக்கும் தினசரி ஒதுக்கீட்டில் தலா 1 அலகுதான் செலவு. காணொளி தேடும் அழைப்புக்கு 100 அலகு போகும். நாளுக்கு மொத்தமே 10,000. ஆகவே காணொளிப் பட்டியலைக் கையால் தொகுத்துக்கொள்ளுங்கள்.

பத்து உபான்:
கருத்துகளை ஆதரவு, எதிர்ப்பு என்று வகைப்படுத்தப் போகிறீர்களானால் ஒன்று. தமிழ்நாட்டுத் தரவில் பழகிய கணினி மாதிரியை அப்படியே ஓட்டாதீர்கள். ‘சுசா லா’, ‘தாப்பாவ்’ போன்ற மலேசியப் பேச்சு வழக்கெல்லாம் அதற்குப் புதுசு. முதலில் 200 கருத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்கட்டும். ஒத்துப்போன விழுக்காட்டை மட்டும் பார்க்காதீர்கள். இருவருமே 80% கருத்தை ஆதரவு என்று குறித்து, 85% ஒத்துப்போனால் நன்றாகத் தெரியும். ஆனால் தற்செயலாகவே 68% ஒத்துப்போகும். தற்செயல் ஒப்புதலைக் கழித்துப் பார்க்கும் அளவான கோஹன் கப்பா சுமார் 0.53தான் வரும். அப்போது வகைகளின் வரையறையைத் திருத்திவிட்டு, வேறு 200 எடுத்து மறுபடி குறிக்கச் சொல்லுங்கள்.