பதுங்குடை: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வேட்டைத்துறைச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கியதிலிருந்து ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்கிறோம். விலங்கின் அல்லது பறவையின் கண்ணிலும் காதிலும் படாமல் அதை நெருங்குவதற்கென்று உடுத்தும் உடையை எப்படி அழைப்பது? 'வேட்டையுடை', 'உருமறைப்பு உடை', 'மறைவுடை', 'ஒளிவுடை' என்று நான்கு சொற்கள் இதுவரை வந்துள்ளன. முன்வைத்தவர்கள் எல்லோரும் அக்கறையோடு காரணம் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் நான்கில் எதுவும் எனக்கு நிறைவு தரவில்லை. நான் 'பதுங்குடை' என்ற சொல்லை முன்மொழிகிறேன். நான் திருவொற்றியூர்க்காரன், பன்னிரண்டு ஆண்டுகளாக எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் பறவை பார்த்து வருகிறேன். வேட்டைத் துப்பாக்கியைத் தொட்டதில்லை என்றாலும், உள்ளான் என்ற கரைப்பறவையை அதற்குத் தெரியாமல் நெருங்குவதில் உள்ள பாடு என்னவென்று முழங்கால் தேயத் தெரிந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உடைக்குப் பெயர் வைக்கும் முன் செயலுக்குப் பெயர் வைத்தாக வேண்டும். ஆங்கிலேயர் 'ஸ்டாக்கிங்' என்று சொல்வதை நம் நாளிதழ்கள் 'பின்தொடர்தல்' என்று எழுதுகின்றன. பெண்களைத் தொல்லைப்படுத்தும் குற்றத்துக்கு அந்தச் சொல் பொருந்தும். 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்க்கப்பட்டு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவாக இருப்பது அந்தக் குற்றமே. அதே சொல்லை வேட்டைக்கும் வைத்தால் இரண்டும் குழம்பும் என்பது ஒருபுறமிருக்க, வேட்டையில் நடப்பது பின்தொடர்தலே இல்லை. ஸ்காட்லாந்து மலைகளில் செம்மானை நெருங்குபவர் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்க்கிறார். தம் உடல் மணம் மானுக்குப் போய்ச் சேராதபடி எதிர்காற்றில், மேட்டின் மறைவில், ஓடைப் பள்ளத்தில் வயிற்றால் ஊர்ந்து போகிறார். ஒரு மான் தலை தூக்கினால் அது மறுபடி மேயத் தொடங்கும் வரை அப்படியே கிடக்கிறார். மானுக்குப் பின்னால் போவது என்பது இதில் எங்குமே இல்லை. உணரப்படாமல் அணுகுவதுதான் இதன் உயிர்.

இந்தக் கருத்து தமிழுக்குப் புதிதும் இல்லை. ஆநிரை கவரச் செல்வோரின் செயல்களை வரிசைப்படுத்தும் தொல்காப்பியப் புறத்திணையியல் 'புடைகெடப் போகிய செலவே' என்று ஒரு துறையைச் சொல்கிறது. பக்கத்தில் இருப்பவர் அறியாதபடி போகும் போக்கு அது. நோக்கம் வேறு, ஆனால் நடை அதே நடை. வள்ளுவரோ வேட்டையிலேயே கை வைக்கிறார்: 'புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று' (274). போலித் துறவியைச் சுட்ட வந்த உவமைதான். ஆனாலும் புதருக்குள் தன்னை மறைத்துக்கொண்டு பறவையைச் சிக்க வைக்கும் வேட்டுவனைக் கண்ணால் கண்ட ஒருவர்தான் இப்படி எழுத முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் 'புதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இலக்கியச் சான்றுகளை நான் மதிக்கிறேன். ஆனால் 'புடைகெடு செலவு' என்று இன்று எழுதினால் உரையில்லாமல் யாருக்கும் விளங்காது. எங்கள் பக்கத்தில் சிறுவர்கள் ஓணான் பிடிக்கப் போகும்போது 'பம்மிப் பம்மிப் போடா' என்பார்கள். பொது எழுத்துத் தமிழில் அதற்கு நிகர் 'பதுங்குதல்'. உடலைத் தாழ்த்துவது, மறைவில் இருப்பது, அடுத்து நெருங்கும் எண்ணத்தோடு காத்திருப்பது ஆகிய மூன்றும் இந்த ஒரே வினையில் அடங்கியிருக்கின்றன. புலி பதுங்குவது பாய்வதற்கு என்று சொல்லும்போது மூன்றும் சேர்ந்தே நம் மனத்தில் வருகின்றன. ஆகவே செயலுக்குப் 'பதுங்கி அணுகல்' என்றும், உடைக்குப் 'பதுங்குடை' என்றும் வைக்கலாம் என்கிறேன். பதுங்குகுழி ஏற்கெனவே நிலைபெற்ற சொல். அதே வினைத்தொகை அமைப்பில் இதுவும் இயல்பாக உட்காருகிறது.

என்னை இந்தச் சொல்லுக்குக் கொண்டுவந்தவர் வண்ணாரப்பேட்டைத் தையற்காரர் ஒருவர் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், எம்.சி. ரோட்டில் மண்ணும் சாம்பலும் கலந்த நிறத்தில் மெல்லிய பருத்தித் துணி மூன்றரை மீட்டர் வாங்கிக்கொண்டு, பக்கத்துச் சந்தில் இருந்த அவர் கடைக்குப் போனேன். அகராதிச் சொல்லையே சொல்லிப் பார்ப்போம் என்று 'உருமறைப்பு உடை தைக்க வேண்டும்' என்றேன். அவர் தலை நிமிராமல், "மிலிட்டரி டிரஸ்ஸா சார்? அந்தத் துணி இது இல்லையே" என்றார். 'இல்லை ஐயா, பறவைக்குத் தெரியாமல் பதுங்கிப் பதுங்கிப் போவதற்கு' என்று விளக்கினேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். நான் கொடுத்த மாதிரிச் சட்டையின் பையை இழுத்துப் பார்த்தார். அதிலிருந்த வெல்க்ரோ பட்டை சர்ரென்று பிரிந்தது. "இது ஆகாது சார், இந்தச் சத்தத்துக்கே பறந்துடும். பட்டன் வைக்கிறேன், அதுவும் பிளாஸ்டிக்கு வேணாம், பளபளக்கும். துணியையே சுத்தி முடிச்சுப் போட்டுடறேன்" என்றார். குப்புறப் படுக்கும்போது மார்பில் அழுத்தும் என்று மார்புப் பையை எடுத்துவிட்டுக் கைப்பக்கத்தில் பை வைத்தவரும், முழங்காலிலும் முழங்கையிலும் இரட்டைத் துணி கொடுத்தவரும், குனிந்தால் முதுகு தெரியாதபடி சட்டையின் பின்புறத்தை நான்கு விரற்கடை நீட்டியவரும் அவர்தான். எதையும் நான் கேட்கவில்லை. 'பதுங்கு' என்ற வினை காதில் விழுந்ததும் உடை எப்படி இருக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கலைச்சொல் இதைவிட வேறென்ன வேலை செய்ய வேண்டும்?

'உருமறைப்பு உடை' இந்த இடத்தில்தான் தவறுகிறது. உருமறைப்பு என்ற சொல்லின் மேல் எனக்குக் குறை இல்லை. கேமஃப்ளாஜ் என்பதற்கு அது நல்ல, வழக்கில் ஊன்றிவிட்ட சொல். ஆனால் அது கண்ணுக்கு மட்டும் உரியது. பதுங்கி அணுகுபவரின் உடை கண், காது, மூக்கு என மூன்று புலன்களோடு கணக்குத் தீர்க்க வேண்டும். நைலான் துணி தொடையில் உரசினால் எழும் சரசரப்பு, அச்சிட்ட எந்த இலைக்கோலத்தையும் பயனற்றதாக்கிவிடும். ஸ்காட்லாந்தில் ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணி இன்றும் விடாமல் உடுத்தப்படுவதற்கு, அது ஈரத்திலும் வெப்பம் தருவதோடு உரசினாலும் ஓசை எழுப்பாததும் ஒரு காரணம். அங்கே பல பண்ணைகள் தத்தம் மலைச்சரிவின் நிறத்துக்கு ஏற்பத் தனித்தனி ட்வீட் நெய்வித்துக்கொண்டன. நம் ஈரப்பதத்தில் கம்பளி உடுத்தினால் மயங்கி விழ வேண்டியதுதான். இங்கே தளர்வான, பலமுறை துவைத்து மென்மையான பருத்திதான் தகும்.

நிறத்திலும் நாம் நினைப்பது ஒன்று, விலங்கு காண்பது வேறு. மானின் கண்ணில் நிறம் காணும் கூம்புச் செல்கள் இரண்டு வகையே. சிவப்பையும் ஆரஞ்சையும் அது நம்மைப் போலப் பிரித்தறிவதில்லை; நீலத்தை நன்றாகக் காண்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேலங்கி அணிய வேண்டும் என்று விதி இருக்கிறது. மற்ற வேட்டைக்காரரின் குண்டு தம்மேல் பாயாதிருக்க அந்த நிறம் உதவுகிறது, மானுக்கோ அது மங்கலாகவே படுகிறது. எனவே உருவை மறைக்காமல், ஊருக்கே காட்டும் ஓர் உடையும் இந்த வகைக்குள் அடங்குகிறது. அதை 'உருமறைப்பு' என்று எப்படி அழைப்பது? பறவைகளுக்கோ கூம்புச் செல்கள் நான்கு வகை. பல பறவைகள் புறஊதா ஒளியையும் காண்கின்றன. வெண்மை கூட்டுவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கும் பொருள், புறஊதாவை வாங்கி நீலமாக உமிழக் கூடியது. சாம்பல் நிறச் சட்டையை அந்தத் தூளில் துவைத்தால், நம் கண்ணுக்கு மங்கலாக இருக்கும் சட்டை அவற்றின் கண்ணுக்கு மங்கலாக இருக்குமா என்பதே ஐயம். நான் என் சட்டையை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறேன். மானும் பன்றியும் மோப்பம் பிடிப்பவை என்பதால், அவற்றிடம் போகிறவர்களுக்கு மணமில்லாத சலவை இன்னும் முக்கியம்.

'உருமறைப்பு உடை'க்கு இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் படைச்சீருடைக் கோலத்தையே நினைக்கிறார்கள். துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் நிறைந்த எங்கள் கரையில் படைக்கோலத் துணியில் தொலைநோக்கியோடு ஒருவர் நாணலுக்குள் படுத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை பட்டறிந்தேன். பறவைப் பட்டியலைக் காட்டி விளக்கம் சொல்லி வெளிவர அரை நாள் ஆயிற்று. இலைக்கோலம் எண்ணூருக்குப் பொருந்தவும் பொருந்தாது. அங்கே நிலம் பச்சையாக இல்லை. கொசஸ்தலை கடலில் சேரும் பக்கம் சேற்றின் மேல் நிலக்கரிச் சாம்பல் படிந்து வெளிறிய சாம்பல் நிறமாகக் கிடக்கிறது; அந்தப் பின்னணியில் காட்டுப்பச்சை உடுத்தியவர் கரும்புள்ளியாகத் தெரிவார்.

'வேட்டையுடை'யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு நம் நாட்டில் வேட்டையைத் தடை செய்திருக்க, இந்த உடையை இங்கே உடுத்துபவர்கள் பறவை நோக்குவோரும் ஒளிப்படம் எடுப்போரும் ஆய்வாளர்களுமே. வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் அந்தச் சொல்லை அதன் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். 'மறைவுடை' என்றால் உள்ளாடை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'ஒளிவுடை'யை முன்வைத்த அம்மையாரிடம் ஒன்றைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன்: 'ஒளி' என்ற அடிக்கு மறைவு, வெளிச்சம் என இரண்டு பொருளும் இருப்பதால், அவசரமாகப் படிப்பவர் மின்னும் உடை என்று எடுத்துக்கொள்ளக் கூடும். இந்த உடைக்கு அதைவிட நேர் எதிரான பொருள் இருக்க முடியாது.

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதிய ஐயா, 'கில்லி சூட்' என்பதை அப்படியே எழுத்துப்பெயர்ப்பாக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் கில்லி என்றால் பையன், ஏவலாள்; வேட்டைக்கு வழிகாட்டிய அந்த ஏவலாளர்கள் துணிக்கீற்றுகளையும் புல்லையும் உடலெங்கும் தொங்கவிட்டுப் புதராகவே மாறிப் போன உடை அது. 1900இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காகத் திரட்டப்பட்ட லோவட் சாரணர் படை வழியாக அது போர்க்களத்துக்கும் போனது. வரலாறு சுவையானதுதான். ஆனால் எங்கள் தெருக்களில் கில்லி என்றால் தாண்டுக்கு முன்னால் வைத்து அடிப்பது. அந்தப் பெயரில் ஓர் உடையைச் சொன்னால் யாருக்கும் பொருள் எட்டாது. வள்ளுவரிடம் கடன் வாங்கி இதைப் 'புதலுடை' என்போம். பதுங்குடையின் ஒரு வகை புதலுடை என்று பட்டியலில் அதன்கீழ் சேர்க்கலாம். அதே வழியில், பறவை நோக்குவோர் உள்ளே அமர்ந்து பார்க்கும் ஓலைத்தட்டி மறைப்புக்குப் 'புதல்மறைவு' என்ற சொல்லும் கிடைக்கிறது.

எழுத்துப்பெயர்ப்புக்கு நான் எதிரி இல்லை. எங்கள் திருவொற்றியூரிலேயே, 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆங்கிலேய ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில் நெசவாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு, மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. துணிக்காரர்கள் ஊரே அப்படிப் பெயர் பெற்றிருக்கிறது. காக்கியும் அப்படி வந்ததுதான்: பாரசீகத்தில் புழுதியைக் குறிக்கும் சொல், 1840களில் பெஷாவரில் அமைந்த படைப்பிரிவொன்றின் உடை வழியாக நம் காவலர் சீருடை வரை வந்து தமிழாகவே ஆகிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. வழக்கில் தேய்ந்து தமிழானதை ஏற்போம். இன்னும் யார் வாயிலும் புகாததற்கு நம் சொல்லைத் தருவோம் என்பதே என் நிலை.

பதுங்குடைக்கு எதிராக இரண்டு தடைகள் எழலாம். குற்றவாளிகள் பதுங்கியிருந்தார்கள் என்று செய்திகளில் படிப்பதால் சொல்லில் கறை இருக்கிறது என்பது ஒன்று. பதுங்குகுழி அதையெல்லாம் கடந்து வந்துவிட்டதால் இதை நான் பெரிதாக எண்ணவில்லை. மற்றது வலுவானது: வேகமாகப் படிப்பவர் கண்ணுக்குக் 'குடை' என்ற ஈறு தனியே தெரிந்து, மழைக்குப் பிடிக்கும் ஏதோ ஒன்று என்று தோன்றலாம். முதல் சில ஆண்டுகளுக்குப் 'பதுங்கு உடை' என்று பிரித்தே அச்சிட்டு, சொல் பழகிய பின் சேர்த்து எழுதலாம் என்று நினைக்கிறேன். பட்டியலில் தலைச்சொல்லாக இரண்டு வடிவங்களையும் கொடுப்பதில் யாருக்கும் மறுப்பு உண்டா என்று தெரிவியுங்கள். எதிர்காற்றில் அணுகுவதற்கு எண்ணூர் மீனவர்களிடம் தனிச் சொல் இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டு வந்து எழுதுகிறேன். அதுவரை அந்த இடத்தை வெற்றாகவே விட்டு வையுங்கள்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து