பார்கோடு ஸ்கேன் காட்டும் சத்துக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: காவேரிப்பட்டணத்து ஆசிரியை

வணக்கம். 68 வயதாகும் என் மாமியார் சர்க்கரை நோய்க்குக் கிருஷ்ணகிரியில் மருத்துவம் பார்த்து வருகிறார். ஒவ்வொரு வேளையும் எத்தனை கிராம் மாவுச்சத்து உட்கொள்கிறார் என்பதை ஒரு மாதத்துக்குக் குறித்து எடுத்து வருமாறு மருத்துவர் சொன்னார். அதற்காக என் மகன் கைப்பேசியில் உணவுக் கணக்குச் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்து, பொட்டலத்தின் பார்கோடைக் காட்டினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றான். முதல் வாரத்திலேயே மூன்று இடங்களில் எனக்கு ஐயம் வந்துவிட்டது.

ராகி பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறத்தில் 100 கிராமுக்கு 460 கிலோகலோரி என்று அச்சிட்டிருக்கிறது; செயலியோ 100 கிராமுக்கு 92 என்கிறது. உள்ளூரில் அரைத்துப் பாக்கெட் போடும் ராகி மாவின் உறையில் சத்து அட்டவணையே இல்லை. ஆனால் ஸ்கேன் செய்தால் 100 கிராமுக்கு 1342 கலோரி என்று வருகிறது. மூன்றாவது இன்னும் வேடிக்கை. பல்பொருள் அங்காடியில் எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்த கால் கிலோ பொட்டுக்கடலையைக் காட்டினேன், ஏதோ வெளிநாட்டுப் பாலாடைக்கட்டியின் பெயர் வந்தது.

கேமரா தவறாகப் படிக்கிறதா, செயலி தவறா, பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதே தவறா? ஸ்கேன் செய்வதையே விட்டுவிட வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பர்கூர் மாங்கூழ் ஆலை ஊழியர்

வணக்கம் அம்மா. நான் மாங்கூழ் ஆலையில் லேபிள் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் மூன்று ஐயங்களிலும் கேமராவின் மீது குற்றம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பார்கோடுக்குள் கலோரியோ மாவுச்சத்தோ எதுவும் எழுதப்பட்டிருக்காது. அதில் இருப்பது 13 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் மட்டுமே. செயலி அந்த எண்ணைப் படித்துத் தன் தரவுத்தளத்தில் தேடி, அந்த எண்ணுக்கு எதிரே யாரோ எப்போதோ எழுதி வைத்ததை எடுத்துக் காட்டுகிறது. படிப்பதில் பிழை நேராமல் காப்பது கடைசி இலக்கம். 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28 வருகிறது. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 34, அதை 3ஆல் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு தேவையோ அதுதான் கடைசி இலக்கம். இங்கே 130 தானே பத்தின் மடங்கு என்பதால் அது 0. இடையில் ஓர் இலக்கம் மாறிப் படிக்கப்பட்டாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது, கருவி அந்த எண்ணை ஏற்காது. கையால் தட்டும்போது மட்டும் ஓர் ஓட்டை உண்டு: 2, 7 போல ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு அடுத்தடுத்த இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினால் இந்தச் சோதனை அதைக் கண்டுபிடிக்காது.

இனி உங்கள் பிஸ்கட். 460ஐ ஐந்தால் வகுத்துப் பாருங்கள், 92 வரும். ஒரு பரிமாறும் அளவு 20 கிராம் என்று அந்த உறையில் நிச்சயம் போட்டிருக்கும். பதிவேற்றியவர் 20 கிராமுக்குரிய எண்ணை 100 கிராமுக்குரிய கட்டத்தில் நிரப்பிவிட்டார். இதே பதிவில் மாவுச்சத்தும் ஐந்தில் ஒரு பங்காகத்தான் இருக்கும் என்பதால், மாமியாருக்கு இந்தப் பிழை அற்பமானது அல்ல.

ராகி மாவின் 1342ஐப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணைகளில் ராகிக்கு உள்ள எண் அதுவேதான், ஆனால் அது கிலோஜூல். அந்த நூலில் ஆற்றல் முழுவதும் கிலோஜூலில்தான் தரப்பட்டிருக்கிறது. 4.184ஆல் வகுத்தால் ஏறத்தாழ 321 கிலோகலோரி கிடைக்கும். உறையில் அட்டவணை இல்லாததால் யாரோ அக்கறையோடு சரியான நூலைத் தேடிப் போயிருக்கிறார். அலகை மட்டும் பார்க்கவில்லை.

பொட்டுக்கடலை ஸ்டிக்கரின் எண் 2இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் கடைகள் தமக்குள்ளேயே பயன்படுத்திக்கொள்வதற்காக விடப்பட்டவை. உங்கள் அங்காடி பொட்டுக்கடலைக்குக் கொடுத்த எண்ணை வேறு நாட்டுக் கடை ஒன்று பாலாடைக்கட்டிக்குக் கொடுத்திருக்கலாம், அதில் எந்த விதிமீறலும் இல்லை. எடை போட்டு ஒட்டிய ஸ்டிக்கரை எந்தச் செயலியிலும் ஸ்கேன் செய்ய வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 890 என்று தொடங்கினால் இந்தியாவில் விளைந்த பொருள் என்று எங்கள் ஆலைக்கு வருபவர்கள்கூட நினைக்கிறார்கள். அந்த நிறுவனம் இந்தியாவில் எண் பெற்றது என்பது மட்டுமே அதன் பொருள்.

பதில் 2: பாலக்கோடு வாசகர்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2012இல் பிரான்சில் தொடங்கப்பட்ட ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் நான் ஓய்வு நேரத்தில் பொருள்களைப் பதிவு செய்கிறேன். அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். எனவே பிழையும் நுழையும். ஆனால் லேபிளின் படத்தையும் உடன் ஏற்றலாம் என்பதால் எண்ணைப் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள முடியும். படம் இல்லாத பதிவை நான் நம்புவதில்லை. படம் பழையதாக இருந்தாலும் கவனம் தேவை, ஏனெனில் நிறுவனம் சர்க்கரை அளவை மாற்றிய பிறகும் செயலியில் பழைய பதிவே தங்கியிருக்கக் காண்கிறேன்.

மிகச் சிறிய பொட்டலங்களில் அட்டவணையைத் தேடி ஏமாற வேண்டாம். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத உறைகளில் சத்து விவரம் அச்சிட வேண்டியதில்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி விலக்கு அளிக்கிறது.

பதில் 3: அரூர் உணவியல் ஆலோசகர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஆலை நண்பரின் விளக்கம் முழுவதும் சரி. ஆனால் சர்க்கரை நோயாளியின் கணக்கில் இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் இருக்கிறது, அது பதிவு சரியாக இருந்தாலும் வரும்.

அதே தேசிய அட்டவணையில் 100 கிராம் ராகியில் மாவுச்சத்து 66.8 கிராம், நார்ச்சத்து 11.2 கிராம் என்று தனித்தனியாக இருக்கின்றன. ஐரோப்பிய லேபிள்களிலும் நார்ச்சத்தை மாவுச்சத்தோடு சேர்ப்பதில்லை. அமெரிக்க முறையிலோ மொத்த மாவுச்சத்து என்ற வரியில் நார்ச்சத்தும் அடங்கிவிடும். அந்த முறையில் எழுதினால் இதே ராகிக்கு 78 கிராம் என்று வரும். ஒரே செயலியில் இரு முறைப் பதிவுகளும் கலந்து கிடப்பதால், இன்று ஒன்றையும் நாளை மற்றொன்றையும் தேர்ந்தெடுத்தால் மருத்துவர் பார்க்கும் மாதக் குறிப்பு ஏறி இறங்கித் தெரியும், உணவு மாறாமலேயே. ஆகவே ஒரு பொருளுக்கு ஒரு பதிவைச் சரிபார்த்துச் சேமித்து, மாதம் முழுவதும் அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்தது களி. நம் மாவட்டங்களில் ஒரு நாளின் பெரும்பங்கு மாவுச்சத்து பார்கோடு இல்லாத உருண்டையிலிருந்தே வருகிறது. செயலியில் "ராகி களி ஓர் உருண்டை" என்று இருக்கும் பதிவு யார் வீட்டு உருண்டை என்று யாருக்கும் தெரியாது. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும்: கிண்டுவதற்கு முன் மாவையும் நொய்யையும் எடை போடுங்கள், இறக்கிய பின் மொத்தக் களியையும் எடை போடுங்கள். 300 கிராம் மாவும் 50 கிராம் அரிசி நொய்யும் போட்டதாக வைத்துக்கொள்வோம். மாவிலிருந்து சுமார் 200 கிராம், நொய்யிலிருந்து சுமார் 39 கிராம், ஆக மாவுச்சத்து 240 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இறக்கிய களி 1200 கிராம் இருந்தால் 100 கிராம் களியில் 20 கிராம் மாவுச்சத்து. 250 கிராம் உருண்டை ஒன்றில் 50 கிராம். இதைச் செயலியில் உங்கள் சொந்த உணவாக ஒரு முறை பதிந்துவிட்டால் பிறகு தட்டில் வைக்கும் உருண்டையின் எடை மட்டும் போதும்.

இந்தக் குறிப்பு மருத்துவரிடம் காட்டுவதற்கானது. செயலியின் எண்ணைப் பார்த்து மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பதில் 4: பென்னாகரத்துக்காரர்

நொய்யைக் கணக்கில் சேர்த்ததற்கு நன்றி. எங்கள் பக்கம் நொய் போடாமல் கிண்டினால் அதைக் களி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாலுக்கும் ஒரு வார்த்தை: செயலியில் வெறுமனே "பால்" என்று தேர்ந்தெடுக்காதீர்கள். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. ஆவின் நீலம், பச்சை, ஆரஞ்சு உறைகளின் வேறுபாடு அதுதான். மாவுச்சத்தில் பெரிய வித்தியாசம் வராது, கலோரியில் வரும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. உடனே எழுந்துபோய்ப் பார்த்தேன். பிஸ்கட் உறையில் 20 கிராம் என்றே இருக்கிறது. அதே அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் 7, மாவுச்சத்து 70, கொழுப்பு 17 கிராம் என்று இருந்தவற்றை, ஒவ்வொன்றும் கிராமுக்குத் தரும் கிலோகலோரியான 4, 4, 9ஆல் முறையே பெருக்கிக் கூட்டினால் 461 வருகிறது. ஆக அச்சிட்ட 460 சரி, செயலியின் 92தான் தவறு. லேபிளைப் படம் எடுத்துத் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். பொட்டுக்கடலை ஸ்டிக்கரின் எண் 21இல் தொடங்குகிறது.

நேற்று இரவு களியை எடை போட்டோம். மாமியார் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உருண்டை 340 கிராம் இருந்தது. செயலியில் இருந்த "ஓர் உருண்டை" 150 கிராம். பிஸ்கட்டைப் பற்றி ஒரு வாரமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நான், வேளைக்கு வேளை விடுபட்டிருந்த இந்த 190 கிராமைப் பார்க்கவே இல்லை. தராசைக் கண்டதும் அவர் உருண்டையைச் சிறிதாகப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார். அதனால் முதல் வாரக் குறிப்பைக் கிழித்துவிட்டுத் திங்கட்கிழமையிலிருந்து புதிதாக எழுதப்போகிறேன்.