புதுப்பிப்பு: பிளெண்டர் மலைக்காட்சியில் மூடுபனி – அடர்த்தியும் அழுக்கு நிறமும்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், நிலப்பரப்பை மூடும் பெரிய பெட்டிக்குப் பிரின்சிபிள்டு வால்யூம் (பனி, புகை போன்றவற்றின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஷேடர்) கொடுத்து, சைக்கிள்ஸில் (காட்சியைப் படமாக்கும், அதாவது ரெண்டர் செய்யும் எஞ்சின்) பனி வரவைக்கும் முறையை முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். தூரத்து மலை அடியோடு மறைகிறது, பனி புகைபோல் தெரிகிறது என்ற இரண்டு சிக்கல்களுக்கும் இப்போது பதில்.

அடர்த்தியைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். 3.9-ஐ வேண்டிய பார்வைத் தூரத்தால் (மீட்டரில்) வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். வானிலைக் கணக்கில் பார்வை 1 கி.மீ.க்குக் கீழே இறங்கினால்தான் மூடுபனி, அதற்கு 0.004 போதும். 0.02 வைத்தால் 200 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. பிளெண்டரின் ஓர் அலகு ஒரு மீட்டராக இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும்.

புகை நிறத்துக்குக் காரணம் அடர்த்தி அல்ல. அந்த ஷேடரின் இயல்பு நிறம் 0.5 சாம்பல், விழும் ஒளியில் பாதியை விழுங்கிவிடும். நீர்த்துளி அப்படி விழுங்காது, சிதறடிக்கும். நிறத்தை 0.98-க்கு ஏற்றுங்கள். அதோடு ரெண்டர் அமைப்புகளின் லைட் பாத்ஸ் பகுதியில் வால்யூம் பவுன்ஸ் (பனிக்குள் ஒளி எத்தனை முறை சிதறலாம் என்ற எண்) இயல்பாக 0-வில் கிடக்கும். 4 முதல் 8 வரை வையுங்கள். ரெண்டர் நேரம் கூடும், வேறு வழியில்லை. கேமரா சூரியனைப் பார்த்து இருந்தால் அனைசோட்ரபி (ஒளி எந்தத் திசையில் அதிகம் சிதறும் என்ற மதிப்பு) 0.7.

பனி பள்ளத்தில் தங்க, ஜெனரேட்டடு ஆயத்தின் (பெட்டிக்குள் இடத்தைக் குறிக்கும் எண்கள்) இசட் மதிப்பை, அதாவது உயரத்தை, மேப் ரேஞ்ச் (எண் வரம்பை மாற்றும் நோடு) வழியே கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் மாற்றி அடர்த்தியோடு பெருக்குங்கள். பனியைத் திட்டுத்திட்டாக்கும் நாய்ஸ் டெக்ஸ்சருக்கு மட்டும் ஆப்ஜெக்ட் ஆயம். பெட்டியின் ஸ்கேலை (பெரிதாக்கிய அளவை) முதலில் அப்ளை செய்யாவிட்டால் திட்டுகள் பக்கவாட்டில் இழுபடும்.