வயிற்றடியில் வெள்ளை வில்லையோடு பெரிய எட்டுக்கால் பூச்சி: அடிக்கலாமா?

மாடிவீடு:
பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. பழுப்பு நிறம், தட்டை உடம்பு, வயிற்றுக்கடியில் வெள்ளையாக வில்லை மாதிரி எதையோ பிடித்திருக்கிறது. ஹாலில் தினமும் சேரும் ஒட்டடையும் இதன் வேலைதானா? மகள் கழுத்தில் கோடு இழுத்த மாதிரி கொப்புளம், எரிகிறது என்கிறாள். பூச்சி எச்சம் என்கிறார் மாமியார். மருந்து அடித்துவிடட்டுமா?

வலைப்பின்னல்:
அது ஹெட்டிரோபோடா வெனடோரியா என்ற வேட்டைச் சிலந்தி, பெண். வலை கட்டாது, இரவில் ஓடிப்பிடித்துக் கரப்பான் தின்னும். வில்லை அதன் முட்டைப்பை. துடைப்பத்தால் அடித்தால், பொரிக்கும் தறுவாயில் இருக்கும் பை கிழிந்து குஞ்சுகள் வீடெங்கும் சிதறும். வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து, சுவரை ஒட்டிப் பழைய காலண்டர் அட்டையை நுழைத்து, அப்படியே வெளியே கொண்டுபோய் விடுங்கள். டப்பா சின்னதாக இருந்தால் கால் விளிம்பில் மாட்டும். பக்கவாட்டில்தான் பாயும், அதனால் தயங்கித் தயங்கி வைக்காதீர்கள். கையால் பிடித்தால் கடிக்கலாம், வலிக்கும், ஆபத்தில்லை.

மூலைமுடுக்கு:
ஒட்டடைக்காரர் வேறு ஆள். நூல் போன்ற நீளக் கால், தொட்டால் வலையோடு கிடுகிடுவென ஆடுமே, அதுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் கிராசோப்ரைசா லியோனி என்ற சிலந்தி. பெண் முட்டைக் கொத்தை வாயிலேயே கவ்விக்கொண்டு தொங்கும். கம்பால் வலையை மட்டும் சுருட்டினால் ஆள் தப்பித்து அடுத்த மூலையில் கட்டிவிடும். வேக்குவம் கிளீனரின் குறுகிய முனையால் ஆளோடு சேர்த்து உறிஞ்சி, பையை உடனே வெளியே கொட்டுங்கள். சுவரில் மருந்து அடிப்பது பெரும்பாலும் தண்டம். பூச்சி வலையில் தொங்குகிறது, மருந்து சுவரில் காய்கிறது. அதன் தீனியை நிறுத்துங்கள்: கதவடி இடுக்குக்குப் பிரஷ் பட்டை, எக்ஸாஸ்ட் துளைக்குக் கொசுவலை.

மாடிவீடு:
கொப்புளம்?

வலைப்பின்னல்:
சிலந்தி மேல் வீண்பழி. மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி வரும் பெடரஸ் வண்டாக இருக்கலாம்: பெரிய எறும்பு போல நீளமாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். கடிக்காது. தூக்கத்தில் தேய்த்து நசுக்கினால் பெடரின் என்ற நச்சு தோலில் படும். ஓரிரு நாளில் தேய்த்த கோட்டிலேயே கொப்புளம் வரும். மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்க விடாதீர்கள். கட்டிலுக்கு மேல் உள்ள விளக்கை இரவில் அணையுங்கள்.

ஆனால் கொப்புளம் ஒரே பக்கமாகக் கொத்துக் கொத்தாக இருந்தால் அக்கியாக இருக்கலாம். அது வைரஸ், 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. காவி பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.