நவராத்திரி வெத்தலை பாக்கு: 45 பேருக்கு 4000 ரூபாயில் முடியுமா?

கொலுப்படி:
இந்த வருஷம் கொலுவுக்கு சுமார் 45 பேர் வருவாங்க. அதுல பத்து பேர் சின்னப் பொண்ணுங்க. வெத்தலை பாக்கோட ஒரு பொருளும் வச்சுக் கொடுக்கணும். மொத்தமே 4000 ரூபாய்தான். ரவிக்கைத் துணி, தேங்காய், ஒரு டப்பான்னு கணக்குப் போட்டா 7000-ஐத் தாண்டுது. எதைக் குறைக்கலாம், எதுல கை வைக்கக் கூடாது? வாங்கிட்டுப் போறவங்களுக்கு உபயோகப்படணும். வீடு சென்னையில்.

மாடவீதி:
முதல்ல தேங்காயைப் பாருங்க. ஒண்ணு 35 ரூபாய்னு வச்சாலே 45-க்கு 1575. வெத்தலை, பாக்கு, குண்டு மஞ்சள், குங்குமம், வாழைப்பழம் இவ்வளவும் ஆளுக்கு 20 ரூபாய்க்குள் அடங்கும், அதாவது 900. பூவுக்கு 300 ஒதுக்குங்க. தேங்காய் வச்சா பொருளுக்கு மிஞ்சுறது 1225, ஆளுக்கு 27 ரூபாய். அந்தக் காசுக்கு உருப்படியா ஒண்ணும் வராது. தேங்காயை விட்டா 2800, ஆளுக்கு 62.

ஒரு நாளைக்கு நாலு கொலு போற வீட்ல நாலு தேங்காய் சேருது. சமைச்சு மாளாது. தாம்பூலத்துக்கு வெத்தலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பழம் போதும், அது நிறைவானதுதான். சம்பந்தி வீடு, முதல் நவராத்திரிப் பெண் மாதிரி கட்டாயம் வைக்க வேண்டிய மூணு நாலு பேருக்கு மட்டும் தேங்காய் வைங்க. அதுக்கு 140 ரூபாய் தனியா எடுத்து வச்சிடுங்க.

பூவைக் கடைசி மூணு நாளுக்கு நம்பாதீங்க. சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜைக்கு விலை ஏறிடும். வரச் சொல்ற நாள் உங்க கையில இருந்தா முதல் அஞ்சு நாளுக்குள் அழைச்சிடுங்க. வெள்ளி, சனி, ஞாயிறுலதான் கூட்டம் வரும். பொருளை 45-க்குப் பதிலா 50 வாங்குங்க. கூட ஒரு பாட்டியும் பேத்தியும் வந்து நிற்பாங்க.

ஊசிநூல்:
ரவிக்கைத் துணி பற்றி மட்டும் சொல்கிறேன். கொலுவுக்குக் கொலு கைமாறிக்கொண்டே இருக்கும் பொருள் இதுதான். காரணம் எளிது. மடித்து அட்டையில் சுற்றி விற்பது பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் துணி. 36 அங்குல அகலத்தில் 80 சென்டிமீட்டர் என்றால் ஒல்லியான உடம்புக்கு, குட்டைக் கைக்குத்தான் காணும். முழங்கை வரை கை வைக்க 1 மீட்டர் வேண்டும். பெறுபவர் தைக்கக் கொடுத்தால் தையல்காரர் "துணி பத்தாது" என்று திருப்பி அனுப்புவார். அது அலமாரிக்குள் போய், அடுத்த வருஷம் வேறு வீட்டுக்குக் கிளம்பும். பளபளப்பான பாலியஸ்டர் துணி என்றால் வியர்வையும் உறிஞ்சாது.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எல்லாருக்கும் வேண்டாம். எட்டுப் பேருக்கு நல்ல 2x2 ரூபியா (ரவிக்கைக்கான பருத்தித் துணி) ஒரு மீட்டர் கொடுங்கள். சௌகார்பேட்டை கோடவுன் தெருவில் முழுச் சுருளாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம், தோழிகள் இரண்டு மூன்று பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகும். பிரித்து அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். வெட்டும்போது நெசவு நூலை ஒட்டி நேராக வெட்டச் சொல்லுங்கள். கோணலாக வெட்டினால் ஒரு மீட்டர் துணியில் நாலு விரல் வீணாகும். அடுத்த வருஷத்துக்கு ஆடித் தள்ளுபடியிலேயே வாங்கி வைத்துவிடலாம்.

ஒன்றாக வந்த இரண்டு பேரில் ஒருவருக்குத் துணி, மற்றவருக்கு இல்லை என்று ஆகக் கூடாது. துணி கொடுப்பவர்களைத் தனி நாளில் அழையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் அந்த ஒரு மீட்டர் துணிதான். அவருக்கு மட்டும் மட்டமானதைக் கொடுப்பது மனசுக்கு ஒப்பாது.

உரலும்_உலக்கையும்:
தீர்ந்து போற பொருளா கொடுங்க. பருப்புப் பொடி எந்த வீட்லயும் செல்லும், நவராத்திரிக்குப் பூண்டு இல்லாம பண்ணலாம். 45 பேருக்கு ஆளுக்கு 75 கிராம்னா மூணேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல வேணும். துவரம் பருப்பு இரண்டரைக் கிலோ, பொட்டுக்கடலை 750 கிராம், வரமிளகாய் 150, மிளகு 75, கல்லுப்பு 100 கிராம், கட்டிப் பெருங்காயம் ஒரு சின்ன எலுமிச்சை அளவு. துவரம் பருப்பு கிலோ 160-ன்னா எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் வரும், அரைப்புக் கூலி தனி.

துவரம் பருப்பை அரைக் கிலோ அரைக் கிலோவா, எண்ணெய் விடாம, சின்னத் தீயில வறுங்க. மொத்தமா போட்டா மேல சிவந்து உள்ள பச்சையா நிக்கும். ஒண்ணை எடுத்துக் கடிச்சா கடக்குன்னு உடையணும். பொட்டுக்கடலையைச் சூடு ஏத்தினா போதும். உப்பை வெறும் சட்டியில வறுத்துச் சேருங்க, ஈரம் போகும். கொப்பரை போடாதீங்க, பத்து நாள்ல சிக்கு வாடை வந்துடும்.

மில்லுல உங்களுக்கு முன்னால சீயக்காயோ மஞ்சளோ அரைச்சாங்களான்னு கேளுங்க. முதல்ல ரெண்டு கைப்பிடி பொட்டுக்கடலையை ஓட விட்டு அதைத் தனியா எடுத்திடுங்க. அரைச்சு வர்ற மாவு கை வைக்க முடியாத சூட்டுல இருக்கும். அதை அப்படியே பாக்கெட்ல அடைச்சா உள்ள வேர்த்துக் கட்டி விழும், ஒரு வாரத்துல பூஞ்சை. வெள்ளை வேட்டியை விரிச்சு, ஃபேனை நேரா அடிக்க விடாம, ரெண்டு மணி நேரம் பரப்பி ஆற வைங்க. ஆறினதும் சலிச்சு அடைச்சு, அரைச்ச தேதியை எழுதி ஒட்டுங்க.

வளையல்செட்டி:
சின்னப் பொண்ணுங்களுக்குக் கண்ணாடி வளையல் வைங்க. பெரியவங்களுக்கு வைக்கறதா இருந்தா அளவு தெரிஞ்சு வைங்க. 2.4-ன்னா உள்விட்டம் ரெண்டேகால் அங்குலம். புள்ளிக்குப் பின்னால இருக்கறது பதினாறில் எத்தனை பங்குங்கறது. 2.6-ன்னா 2 அங்குலமும் 6/16-ம். பெரியவங்கள்ல பலருக்கு இந்த ரெண்டுல ஒண்ணு சேரும், ஆனா கை பருத்தவங்களுக்கு 2.8 வேணும். தெரியாம ஒரே அளவா வாங்கினா பாதி ஏறாது. அதனால பெரியவங்களுக்கு வளையல் வேண்டாம்னுதான் சொல்வேன். குழந்தைங்களுக்கு வயசு சொல்லிக் கேட்டா கடைக்காரரே எடுத்துத் தருவார். காசிச் செட்டித் தெருவுல டஜன் கணக்கா வாங்கினா மலிவு.

பையைப் பத்தியும் சொல்லிடறேன். தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2019-லேருந்து தடை. எதுல போட்டுக் கொடுக்கறதுன்னு தனியா ஒரு டப்பா தேட வேண்டாம், சின்ன மஞ்சப்பையே பொருளா ஆயிடும். சாயம் போகுதான்னு ஈரத்துணியால தேய்ச்சுப் பார்த்து வாங்குங்க.

கொலுப்படி:
ரொம்ப நன்றி. தேங்காயை எடுத்துட்டேன், பொடியும் மஞ்சப்பையும் வைக்கப் போறேன். எல்லாத்தையும் முன்னாடியே பையில போட்டுக் கட்டி வச்சிடலாமா?

மாடவீதி:
காய்ஞ்சதை மட்டும் போடுங்க: பொடி, பாக்குப் பொட்டலம், மஞ்சள், குங்குமம். குங்குமப் பொட்டலம் பிரிஞ்சா பை முழுக்கச் செவப்பாயிடும், அதைத் தனியா ஒரு காகிதத்துல மடிச்சு வைங்க. வெத்தலை, பூ, பழம் மூணும் அன்னன்னைக்கு. ஆளுக்கு ரெண்டுன்னா மொத்தம் 90 வெத்தலை, ஒரே நாள்ல வாங்காதீங்க. மூணு நாளைக்கு ஒரு தடவை 30. கவுளின்னு (வெத்தலைக் கட்டு) கேட்டா ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும், எண்ணி வாங்குங்க. கழுவி ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல கட்டினா மறுநாளே கறுத்துப் போகும். ஈரம் பிழிஞ்ச பருத்தித் துணியில சுத்தி நிழல்ல வைங்க, கொடுக்கறதுக்கு முன்னால கழுவித் துடைச்சா போதும்.