பீலியில் வலை போட்ட பிறகு மழைத்தண்ணி வெளியே பாயுது – உதவி தேவை

வணக்கம். இடம் யாழ்ப்பாணம், கோண்டாவில். ஓட்டுக்கூரை வீடு. கூரைத் தண்ணியை ஓரத்தில் ஏந்துகிற 5 அங்குல பிவிசி பீலி, நீளம் 40 அடி, ஒரு முனையில் மட்டும் 3 அங்குல இறக்கக் குழாய். கூரைக்கு மேலே வேம்பு சாய்ந்து நிற்கிறதால் போன ஆவணியில் பீலிக்கு மேல் எவர்சில்வர் கண்ணிவலை பூட்டினோம்.

தூறலுக்குப் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்தால் தண்ணி வலைக்குள் இறங்காமல் அதன் மேலாலேயே வழுக்கி முற்றத்தில் விழுகுது. இரண்டு கூரையும் சந்திக்கிற மூலையில்தான் மோசம். அங்கே அத்திவாரத்தோடு மண் அரிச்சுப் போச்சு, உள்சுவரிலும் ஈரம் ஊறுது. அம்மாவின்ர அறை அது, அதுதான் பெரிய கவலை.

பீலியைக் கழுவி, குழாய்க்குள் தண்ணி விட்டுப் பார்த்தாச்சு, அடைப்பில்லை. நூல் பிடித்துப் பார்த்தோம், வாட்டமும் குழாய்ப் பக்கம் சரியாக இருக்கு. வலையைத் தும்புத்தடியால் தேய்ச்சால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. வேப்பிலை ஈரத்தில் திரும்ப ஒட்டிப் படலமாகுது. ஈர்க்குகள் கண்ணிக்குள் குத்தி நிற்கிறதை இழுத்தெடுக்கவே ஏலாது. வலையைக் கழட்டினால் தண்ணி ஒழுங்காக இறங்குது, ஆனால் நல்ல காத்தடிச்சால் குழாய்வாய் அடைபடுது. கொப்புகளும் வெட்டியாச்சு. நிழல் தருகிற மரம், தறிக்க மனமில்லை.

மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டி முடிய வேலை செய்விக்கலாம் என்று நினைக்கிறம்.

வலையை எடுத்துவிட்டு குழாய்வாயில் மட்டும் கம்பிக்கூடை வைத்து, அந்த மூலையில் இரண்டாவது குழாய் இறக்கினால் இது தீருமா?