மறு: [கலைச்சொல்] கிரிம்டார்க் – தமிழில் என்ன?

வணக்கம்.

மிகுபுனைவு நாவல்களுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தால் 'கிரிம்டார்க்' (grimdark: நன்மை வெல்லும் என்ற நம்பிக்கையே இல்லாத கொடூர உலகைக் காட்டும் கதை வகை) என்ற சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறோம். ஃபேன்டஸிக்கு மிகுபுனைவு ஏறக்குறைய நிலைத்துவிட்டது. மிகுபுனைவும் அறிவியல் புனைவும் அடங்கிய ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்ஷனுக்கு ஊகப் புனைவு என்று சிலர் எழுதுகிறார்கள். இதற்கு மட்டும் ஒன்றுமில்லை. 'இருண்மைப் புனைவு' எனலாமா? அச்சமூட்டும் மிகுபுனைவான டார்க் ஃபேன்டஸிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

———

> டார்க் ஃபேன்டஸிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்

கூடாது. இரண்டும் வேறு வேறு சரக்கு.

ஆங்கில மிகுபுனைவு எழுத்தாளர் டோல்கீனின் டூரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தனி நாவலாக 2007இல் வெளிவந்தது. டூரின், தன்னைச் சிறைமீட்க வந்த உயிர்நண்பனை இருட்டில் பகைவன் என்று எண்ணிக் கொல்கிறான். தங்கை என்று அறியாமல் தங்கையையே மணக்கிறான். உண்மை தெரிந்ததும் தன் வாளிலேயே பாய்ந்து சாகிறான். இதைவிட இருட்டு வேண்டுமா? ஆனாலும் அது கிரிம்டார்க் இல்லை. அந்த உலகில் நல்லது எது, கெட்டது எது என்பதில் குழப்பமே கிடையாது. சாபமிட்டவன் யார் என்பதும் தெரியும். வீழ்ச்சிக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. அதை அவலம் என்போம்.

கிளென் குக்கின் கருங்குழு (The Black Company) நாவல் வரிசையில் (முதல் நூல் 1984) கதை சொல்பவன் ஒரு கூலிப்படையின் மருத்துவன். அந்தப் படை ஊழியம் செய்வதோ, வேறு நாவலாக இருந்தால் வில்லனாக நிறுத்தப்படும் தரப்புக்கு. இங்கே யாரும் புலம்புவதில்லை, சூதாடிக்கொண்டிருக்கிறார்கள். பின்னாளில் கிரிம்டார்க் என்று பெயர் பெற்ற வகைக்கு இதை முன்னோடி என்பார்கள். பேயும் பிணமும் எத்தனை என்று எண்ணிப் பார்த்து இந்த வகையை அடையாளம் காண முடியாது.

இன்னொரு சிக்கல்: 'இருண்மை' ஏற்கெனவே குடியிருக்கும் வீடு. நவீன கவிதை விமரிசனத்தில் அதற்குப் பொருள் எளிதில் புரியாமை. 'இருண்மைப் புனைவு' என்றால் படித்து விளங்காத நாவல் என்றுதான் பாதிப்பேர் எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை, உணர்ச்சி வெளிப்பாடுகளை வகுக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலிருந்து. அதன் எட்டு மெய்ப்பாடுகளில் பெருமிதம் என்பது தறுகண் (அஞ்சாமை), கொடை முதலியவை வழியாக வருவது. வீரசாகச மிகுபுனைவுக்கு அப்படியே பொருந்தும். அச்சம் பிறக்கும் நிலைக்களன்களில் முதலாவது அணங்கு, அதாவது வருத்தும் தெய்வம். ஆகவே டார்க் ஃபேன்டஸி 'அணங்குப் புனைவு'. கிரிம்டார்க்குக்கு இளிவரல், அதாவது இழிவும் அருவருப்பும். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று அதற்குச் சொன்ன நான்கும் ஜோ அபர்கிராம்பியின் நாவல்களில் வரும் குளோக்டா என்ற பாத்திரத்திடம் ஒருங்கே இருக்கின்றன.

———

அணங்குப் புனைவுக்கு என் வாக்கு. அழகான சொல்.

இளிவரலுக்கு இல்லை. முதலில் சந்தி. இளிவரல் + புனைவு = இளிவரற்புனைவு. ஒருவர் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் 'இளிவரல் புனைவு' என்று பிரித்து வைப்பார். தேடுபொறிக்கு இரண்டும் இரண்டு சொல். அடுத்தது, இன்றைய வாசகர் காதில் 'இளி' விழுந்தால் பல்தான் நினைவுக்கு வரும். (குளோக்டாவுக்கு அது பொருத்தம் என்று யாரும் தொடங்கவேண்டாம்.)

அதைவிட முக்கியம், குளோக்டாவின் சாரம் அருவருப்பு அல்ல. வாள்வீச்சில் வெற்றிவாகை சூடியவன், பகைவர் சிறையில் சிதைக்கப்பட்டு, திரும்பி வந்து தானே சித்திரவதை அதிகாரி ஆகிறான். ஒவ்வொரு படிக்கட்டிலும் உயிர் போய் உயிர் வருகிறது. 'இதை ஏன் செய்கிறேன்?' என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். விடை கிடைப்பதில்லை, வேலை தொடர்கிறது. தவறு என்று தெரிந்தே செய்பவனை 'அறம் பிறழ்ந்தவன்' என்று ஒதுக்கிவிட்டால் இந்த வகையின் நுட்பமே போய்விடும். அதனால் முன்பொருமுறை இங்கே வந்த 'அறப்பிறழ்வுப் புனைவு'ம் வேண்டாம்.

டோல்கீன் 1939இல் ஆற்றிய உரையில், தேவதைக்கதையின் உயிர்நிலை என்று ஒன்றைச் சொன்னார்: எல்லாம் முடிந்தது என்னும் கட்டத்தில், எதிர்பாராமல் நன்மையை நோக்கி விழும் திருப்பம். கிரிம்டார்க் அறுத்தெறிவது துல்லியமாக அதைத்தான். அந்த இல்லாமைக்குப் பெயர் வைக்கவேண்டும்.

'கையறு புனைவு' எப்படி? கையறுநிலை (இழப்பில் செயலற்று இரங்குவது) புறத்திணையில் ஒரு துறை. பறம்பை இழந்த பாரிமகளிரின் 'அற்றைத் திங்கள்' அந்தத் துறைப் பாட்டுதான். பாரியின் கொடை பாரியைக் காப்பாற்றவில்லை. 'கையறு நிலையில் நிற்கிறார்கள்' என்று செய்தித்தாளும் எழுதுவதால் வாசகருக்கு அகராதி தேவைப்படாது. மிகுபுனைவு போலவே இதுவும் வினைத்தொகை; ஒற்று மிகாது, சொல் உருமாறாது. கையறு நாவல், கையறு தொனி, கையறு புனைவாளர் என்று கிளைக்கவும் செய்யும்.

———

> கையறு புனைவு

கையறுநிலை என்றாலே செயலற்றுப் போய் இரங்குவது. இந்த நாவல்களில் முந்நூறு பக்கத்துக்கு ஓயாத செயல். யாரும் இரங்குவதும் இல்லை, நக்கல்தான் அடிக்கிறார்கள். அங்கே உதைக்கிறது. வேறு நல்ல சொல் என்னிடமும் இல்லை.

———

நியாயமான தடை. செயல் அறவில்லை, செயலின் பயன்தான் அறுகிறது என்று வரையறையிலேயே எழுதிவிட்டால் சமாளிக்கலாம். இரங்கல் வாசகனுடையது, பாத்திரத்தினுடையது அல்ல.

'கையறு மிகுபுனைவு' என்று மட்டும் நீட்டிவிடாதீர்கள். கிரிம்டார்க் என்ற பெயரே வார்ஹாமர் 40,000 என்ற மேசை விளையாட்டின் முகப்பு வாசகத்திலிருந்து பிறந்தது. அதன் களம் விண்கலங்கள் பறக்கும் தொலை எதிர்காலம். 'மிகு' சேர்த்தால் தாய்வீடே வெளியே போய்விடும்.

கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி அனுப்பலாம்:

கையறு புனைவு: நற்செயலுக்கு நற்பயன் உண்டு என்ற உறுதி இல்லாத உலகில் நிகழும் ஊகப் புனைவு. நாயகரும் பகைவரும் ஒரே வகைக் கொடுமையில் இறங்குவர். முடிவில் அதிகாரம் கைமாறலாம், ஒழுங்கு மீளாது. வன்முறை மிகுதி மட்டுமே இதன் இலக்கணம் அன்று. பேய், சாபம், உடற்சிதைவு ஆகியவற்றால் அச்சமூட்டுவது அணங்குப் புனைவு. நல்லவன் வீழ்ந்தும் அறம் தெளிவாக நிற்பது அவலம்.

2017இல் கிரிம்டார்க்குக்கு எதிர்ச்சொல்லாக வந்த 'ஹோப்பங்க்' (நம்பிக்கையை விடாத கதை வகை) பாக்கி இருக்கிறது. அதைத் தனி இழையில் தொடங்குங்கள், இங்கே கலக்கவேண்டாம்.